நாலாம் நம்பர் தொட்டி

"நாலாம் நம்பர் மெஷினை நிறுத்துங்கண்ணே. தொட்டியில உள்ள பாலை இப்பவே முழுக்க எறைக்கணும்."

ஈப்போவில் அந்தப் பட்டறைக்கு ஷர்மினி வேலைக்கு வந்த முதல் நாளே மேனேஜர் தனேஸ்வரன் சொல்லி வைத்திருந்தார்: லீவு கேளு, சம்பளம் கூடக் கேளு, ஓடுற மெஷினை நிறுத்தச் சொல்லி மட்டும் என்கிட்ட வந்து நிக்காதே. இன்று வந்து நின்றாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

தனேஸ்வரன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லா தமாஷ் பண்றே. நாளைக்குப் பினாங்கிலேருந்து ஆளுங்க வாராங்க. பதினோரு மாசமா கெடாத அந்தத் தொட்டியைப் பாக்கத்தான் வாராங்க. உன் படம் வேற போர்டுல தொங்குது."

தொங்கத்தான் செய்தது. இரும்பைக் கடையும்போது சூடு தணியப் பீய்ச்சுகிற கூலண்டை இங்கே எல்லோரும் பால் என்றுதான் சொல்வார்கள். பாதிப்பேர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். வெள்ளையாக வழிகிற அது அவர்கள் கண்ணுக்கு ரப்பர்ப் பாலேதான். முன்பெல்லாம் கொஞ்சம் நாறினாலே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பார்கள். கொட்டியதை டிரம்மில் அடைத்து அனுப்பும் செலவு முதலாளி தௌகேயின் தூக்கத்தைக் கெடுத்தது. ஷர்மினிதான் வழி சொன்னாள். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடு. வாரம் ஒருமுறை சோதனைத் தாளை முக்கிப் பார். தாள் பச்சையாக வந்தால் காரம் குறையவில்லை, பால் கெடவில்லை. கொட்டாதே.

மற்ற தொட்டிகளில் நான்கே மாதத்தில் தாள் மஞ்சளுக்கு இறங்கியது. நாலாம் நம்பரில் மட்டும் பதினோரு மாதமாகப் பச்சை. அந்த மெஷினை ஓட்டுகிறவர் அவள் அப்பா சன்னாசி. குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஷர்மினி, தன் கணக்கு சரி என்பதற்கு, வாராவாரம் கையெழுத்துப் போட்டு போர்டில் குத்திய அந்தப் பச்சைத் தாள்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுக்க அப்பாவின் பைக்குள் கைவிட்டாள். ஒரு போத்தல் வந்தது. மூடியைத் திருகியதும் கண் எரிந்தது.

"என்னப்பா இது?"

"அமோனியா பாப்பா. பால் கெடாம இருக்க வேற என்ன ஊத்துவாங்க? தோட்டத்துல எங்கம்மா வாளியில ரெண்டு சொட்டு விட்டுத்தான் பால் நிறுக்கிற கொட்டாய்க்குத் தூக்குவாங்க. இல்லாட்டி வெயில்ல உறைஞ்சிடும்லா."

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"நீ கொட்டாதேன்னு சொன்னதுலேருந்து. நாளைக்கு ஆளுங்க வாராங்களே, இன்னிக்குக் கொஞ்சம் தாராளமாவே விட்டேன். உன் பேரு கெடக் கூடாதுல்ல."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இரண்டு மாதமாக இருக்கிற வறட்டு இருமல். பச்சைத் தாள் காட்டியது அமோனியாவின் காரத்தைத்தான் என்று ஷர்மினிக்குப் புரிந்தது. அப்போதுதான் கிழமைகளையும் எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் கூடும். புதனுக்குள் அடங்கும். வியாழன் மறுபடி கூடும். போன திங்கட்கிழமை மெஷின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திங்களும் வியாழனும் மூன்று மணிக்கு எல்லாத் தொட்டியிலும் துணி வெளுக்கிற குளோரோக்ஸ் ஊற்றுவார்கள். நாற்றம் போக அவள் கேட்ட மருந்து விலை அதிகம் என்று தனேஸ்வரன் இரண்டு மாதத்துக்கு முன் செய்த ஏற்பாடு அது. தப்பு என்று அவளுக்குத் தெரியும். செலவு குறைந்த கணக்கு அழகாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டாள். அமோனியாவும் குளோரோக்ஸும் சேர்ந்தால் எழும் புகை நெஞ்சை அரிக்கும் என்பது அவள் இரண்டாம் வருடமே படித்தது. இரண்டும் ஒரே தொட்டிக்குள் போகும் என்றுதான் அவளுக்குத் தோன்றவேயில்லை.

அந்தப் போத்தலைத்தான் இப்போது தனேஸ்வரன் மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

"இன்னிக்கு மட்டுமாவது குளோரோக்ஸ் வேணாம்ணே."

"இன்னிக்கா? இன்னிக்கு ரெண்டு மடங்கு ஊத்தச் சொல்லியிருக்கேன். நாளைக்கு ஆளுங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கவா?"

அப்பாவும் இன்று தாராளமாக விட்டிருக்கிறார்.

"அண்ணே, மனுசன் செத்துடுவாரு."

தனேஸ்வரன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. அவர் கத்தியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"சாபார் லா, கொஞ்சம் பொறுமையா இரு, ஷர்மினி. யோசிச்சுப் பேசு. யாரைக் கேட்டு உங்கப்பா இதை ஊத்தினாரு? தௌகேகிட்ட சொன்னா நாளைக்கே வெளிய. இருபத்திரண்டு வருச வேலை, ஒரு காசு கைக்கு வராது. அப்புறம் அந்தத் தாள்ல வாராவாரம் 'நல்லாருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா? நாளைக்கு வெள்ளிக்கிழமை போகட்டும். சனிக்கிழமை நானே நின்னு கொட்டுறேன். நீயும் நானும் தமிழாளுங்க, உன்னைக் காட்டிக் கொடுப்பேனா?"

இப்போதே காட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், அதைத் தாய்மாமன் மாதிரி கொஞ்சிச் சொல்கிறார் என்று ஷர்மினி நினைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் பராமரிப்பு ஆள் வெள்ளைக் கேன்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். நாலாம் நம்பர் கதவு திறந்திருந்தது. அப்பாவின் தலை உள்ளே இருந்தது.

"உங்களுக்குச் சனிக்கிழமை இருக்குண்ணே. எங்கப்பாவுக்கு இருபது நிமிசம்தான் இருக்கு."

போத்தலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால் தனேஸ்வரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நாலாம் நம்பரின் சிவப்புப் பொத்தானை அடித்தாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். பழுது பார்க்கும்போது போடுகிற சிவப்புப் பூட்டை அதில் மாட்டிப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டாள். வண்டி தள்ளி வந்தவனிடம், "இந்தத் தொட்டிக்குள்ள ஒரு சொட்டு விட்டாலும் நச்சுப் புகை கெளம்பும். மொதல்ல சாவுறது நீதான்," என்றாள். அவன் கேனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பட்டறையில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாப்பா பண்றே?" சன்னாசி முகம் வெளிறி நின்றார். "என் சோத்துல மண்ணைப் போடாதே. போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

"வாங்கப்பா. மொதல்ல கிளினிக்கு, அப்புறம் தொழிலாளர் பாதுகாப்பு இலாகா. நீங்க ஊத்தினது, அவர் ஊத்தினது, நான் கையெழுத்துப் போட்டது, எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"என்னையுமா?"

"உங்களையும்தான்."

சன்னாசி மெஷினைப் பார்த்தார், தனேஸ்வரன் அறையைப் பார்த்தார். நகரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது, ஒரு கையால் வாயைப் பொத்தி, மறு கையால் அவளைப் போகாதே என்று தடுத்தார்.

ஷர்மினி போர்டிலிருந்து பதினோரு மாதத் தாள்களைக் கொத்தாக உருவி, போத்தலோடு பைக்குள் வைத்தாள். அவள் படமும் சேர்ந்து கிழிந்து வந்தது. எடுத்துப் போட நேரமில்லை.

வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா, "அரை நாளா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"எங்கப்பா பின்னால வந்தா உக்கார வச்சுத் தண்ணி கொடுங்கண்ணே. மறுபடி உள்ள மட்டும் விட்டுடாதீங்க."

தலைக்கவசத்தை மாட்டினாள். காற்சட்டைப் பைக்குள் பூட்டின் சாவி தொடையில் குத்தியது. வண்டியைக் கிளப்பி இலாகா இருக்கும் திசையில் வெயிலுக்குள் போனாள்.