அனுப்புநர், பெறுநர்

அந்த நோட்டீஸில் அனுப்புநரும் அவர்தான், பெறுநரும் அவர்தான். எழுதும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. பல்கலைக்கழக வளாகத்தின் பாதுகாப்பு அலுவலர் அவர். கட்டடப் பராமரிப்பு கூடுதல் பொறுப்பு. போன வருஷம் வரை தீயணைப்புத் துறையிலிருந்து ஆள் வந்து சோதனை போடுவார்கள். அந்தச் சேதி முந்தின நாளே கசிந்துவிடும். நடைவழியில் கிடக்கிற உடைந்த நாற்காலிகளெல்லாம் ஒரு நாளைக்கு மாயமாகிவிடும். இந்த வருஷம் அந்தச் சோதனை அதிகாரத்தை வளாகப் பாதுகாப்பு அலுவலரான இவரிடமே கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கிறவனுக்குத்தானே ஓட்டை ஒடிசல் தெரியும் என்று மேலிடத்தில் நினைத்தார்கள். நினைத்தது என்னவோ சரிதான். "இனிமே நம்ம வீட்டு அடுப்புக்கும் நோட்டீஸ் ஒட்டுவீங்களா?" என்று மனைவி கேலி செய்தாள். அவருக்கு உள்ளூரப் பெருமை. புது ரப்பர் ஸ்டாம்பைப் பழைய காகிதத்தில் நாலு தடவை குத்திப் பார்த்துக்கொண்டார்.

முதல் சோதனை நூலகத்தில். பின்கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. புத்தகங்களுக்குக் கால் முளைத்துவிடுகிறது என்று நூலக உதவியாளர் போட்ட பூட்டு. வளாகமே அந்த அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடும். அக்கா அப்போது சாப்பிடப் போயிருந்தார். விதிப்படி நோட்டீஸ் கட்டடப் பொறுப்பாளருக்குத்தான் போக வேண்டும். பொறுப்பாளர் இவரே. ஏழாம் நாள் பொறுப்பாளராக உட்கார்ந்து பதில் எழுதினார்: தள்ளினால் திறக்கிற பூட்டு வாங்க ஏற்பாடு நடக்கிறது, அவகாசம் வேண்டும். சோதனை அதிகாரியாக உட்கார்ந்து முப்பது நாள் கொடுத்தார். அப்புறம் இன்னொரு முப்பது. கோப்பு அவ்வளவு கச்சிதம்.

இதற்கு நடுவே வாரத்தில் இரண்டு நாள் அதே நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அக்காவிடம் மகளுக்கு வரன் ஏதாவது அமைந்ததா என்று விசாரித்தார். சங்கிலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்றெல்லாம் இல்லை. எழுதியாகிவிட்டது என்றதும் மனசு அதை முடிந்த கணக்கில் போட்டுவிட்டது, அவ்வளவுதான். பாழாய்ப்போன மனசு.

இரண்டாம் அவகாசம் முடியப் பத்து நாள் இருந்தபோது, பட்டப்பகலில், முன்வாசலை ஒட்டியிருந்த ஜெராக்ஸ் மெஷின் பற்றிக்கொண்டது. உள்ளே பதினொரு மாணவர்கள். அக்காவோடு எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். சாவியோ முன்பக்கத்து இரும்பு மேசையில். அக்கா புகைக்குள் திரும்பிப் போனார். கொதிக்கிற டிராயரை வெறுங்கையால் இழுத்துச் சாவியை எடுத்துவந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் இருமிக்கொண்டே பிழைத்து வந்தார்கள். அக்காவின் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன.

விசாரணைக் குழு கோப்பைப் புரட்டிப் பார்த்து, அதிகாரி உரிய காலத்தில் நடவடிக்கை எடுத்திருக்கிறார் என்று எழுதியது. அதைப் படித்தவர் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலோரம் உட்கார்ந்து, நோட்டீஸ், பதில், அவகாசம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அக்காவிடம் சொன்னார். நாலு வசவு விழும், வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தார்.

அக்கா அவர் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கழட்டியிருப்பேனே, தம்பி."

குரலில் கோபமே இல்லை. இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. மகள். துணி சுற்றிய கைகளைத் தூக்கிக் காட்டிவிட்டு அக்கா அவரைப் பார்த்தார். அவர் எழுந்து போனை எடுத்து அக்காவின் காதில் வைத்துப் பிடித்தார்.

"தனியா இல்லடி. நம்ம ஆபீஸ் தம்பி வந்திருக்கார். அவர் பாத்துக்குவார், நீ மெதுவா வா."

மகள் இன்னும் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குத் தோள்பட்டை கடுத்தது. கையை மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.