ஐம்பதாயிரமாவது ஆள்

ஓஹையோ மாநிலத்தின் ஃபெரிஸ்டன் நகரத்தில், கிழக்கு எல்லையில் இரண்டு பக்கமும் எழுதி நிற்கும் மக்கள்தொகைப் பலகை தன் எண்ணைத் தானே மாற்றிக்கொள்ளும். சலவை இயந்திரத் தொழிற்சாலையை மூடிய வசந்தகாலத்தில் இது தொடங்கியது. யாரும் ஏணி போட்டு ஏறுவதில்லை, யாரும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை. ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் எண் ஒன்று கூடும், ஒருவர் இறந்தால் ஒன்று குறையும். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் இதைப் பள்ளிப் பையன்களின் வால்தனம் என்று முடிவுகட்டி, பலகையைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். புதியது அன்று சாயங்காலமே மூன்று இறங்கியது. அதற்குப் பிறகு அவர்களும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தொழிற்சாலை ஓடிய காலத்தில் நாங்கள் எழுபத்தோராயிரம் பேர். ஜெர்மானியர், ஸ்லோவாக்கியர், அலபாமாவிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினக் குடும்பங்கள், கெண்டக்கி மலைக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே இயந்திரத்துக்குத் திருகு முடுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனித்தனித் தேவாலயங்களுக்குப் போனார்கள். மூடியபின் இளவட்டங்கள் கிளம்பிப் போக, ஊரின் சராசரி வயது அது பாட்டுக்கு ஏறியது. இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் ஒன்றாயின. நல்ல வீட்டின் விலை நல்ல டிரக்கின் விலைக்குக் கீழே போனது. ஊரில் பெரிய முதலாளி இப்போது மருத்துவமனைதான். பாதிப் பேர் நோயாளி, மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கோழி வெட்டும் ஆலைக்குக் குவாத்தமாலாக்காரர்கள் வந்ததால்தான் சரிவு கொஞ்சம் மட்டுப்பட்டது. இதையெல்லாம் ஆராய்ச்சி செய்ய வருடாவருடம் யாராவது பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, எங்களுக்குத் தெரிந்ததையே எங்களிடம் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போவார்கள்.

அவர்களுக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. பலகை உடம்பை எண்ணுவதில்லை, மனசை எண்ணுகிறது. செப்டம்பரில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது எண் அசையாது. ஹூஸ்டனில் பதினோரு வருடமாக வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவனை அது இன்னமும் எங்கள் ஆளாகவே வைத்திருக்கிறது. வேறொருவன், ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் முன்பே பலகைக் கணக்கிலிருந்து கழிந்துபோனான். கோழி ஆலைக்கு வந்த ஒரு பெண்ணை அது ஆறு வருடம் கண்டுகொள்ளவே இல்லை. வாடகை வீட்டுப் பின்புறத்தில் அவள் ஒரு பீச் மரக்கன்றை நட்ட அன்றுதான் சேர்த்துக்கொண்டது. இனி திரும்பி வருவதில்லை என்று ஒருவர் மனதுக்குள் முடிவெடுத்தால் போதும், அவர் எத்தனை தூரத்தில் இருந்தாலும் பலகைக்குத் தெரிந்துவிடும்.

அதனால் சாயங்காலக் கணக்கு என்று ஒரு வழக்கம் வந்தது. ரூடியின் உணவகத்தில், ஐந்து மணிச் சாப்பாட்டு நேரத்தில், கிழக்கு வழிப் பேருந்தின் ஓட்டுநர் பலகையில் பார்த்த எண்ணைச் சொல்வார். பிரசவ வார்டில் உதவியாளராக இருந்த வெர்னெட்டா ஹோல்காம் அன்றைய பிறப்புகளைச் சொல்வாள். சவ அடக்க நிலையம் நடத்தும் கிளைட் ஆஸ்ட்ராண்டர் இறப்புகளைச் சொல்வார். வந்தவர், வீடு காலி செய்து போனவர் விவரம் தானாக வந்துசேரும். வெர்னெட்டாவும் கிளைடும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். "நீ பாடுபட்டுக் கூட்டுற, நான் உக்காந்த எடத்துல கழிக்கிறேன்" என்று அவர் சீண்டுவார். உன்னைப் பெட்டிக்குள் வைத்து மூடும் நாளில் நான் இரட்டைக் குழந்தை கொண்டுவருவேன் பார் என்பாள் அவள். ரூடி சுவரில் கரும்பலகையில் எழுதிக் கூட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சரியாக இல்லாத நாள்தான் கொடுமையானது. பிறப்பு, இறப்பு, வந்தது, போனது எல்லாம் நேர் செய்தபிறகும் கணக்கில் ஒன்று குறைந்தால், எங்கோ தொலைவில் யாரோ ஒருவர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று பொருள். பாதித் தட்டைத் தள்ளிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். டெக்சாஸிலும் அரிசோனாவிலும் தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அடிக்கும். எந்த அம்மாவும் நேரடியாகக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளுக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வருகிறேன் என்று சொல்வார்கள், அவர்களில் ஒருவர் பொய் சொல்வார்.

வெர்னெட்டாவுக்கு டெரல் ஒரே பிள்ளை. அவள் கணவன் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் இருந்தவன், மூடிய மறுவருடமே நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். டெரல் இங்கே டயர் கடையில் கொஞ்ச நாள், கோழி ஆலையில் கொஞ்ச நாள் என்று காலம் தள்ளிவிட்டு, வடக்கு டகோட்டாவின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனான். இரண்டு வருடத்தில் வருவதாகச் சொன்னான். ஐந்து வருடம் ஆயிற்று. அவன் அறையை அவள் மாற்றவில்லை. அவனுடைய பழைய சிவப்பு டிரக் கொட்டகையில் நின்றது. ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்ததும், தொப்பியைக் கூடக் கழற்றாமல் அதில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள். அவன் வந்து சாவியைத் திருப்பும்போது வண்டி மக்கர் பண்ணக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

நகரம் ஐம்பதாயிரத்துக்கு இறங்கிய வருடம் அது. அடுத்த வசந்தத்தில் அரசாங்கக் கணக்கெடுப்பு. ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் வாஷிங்டனிலிருந்து நேராக வரும் பணம் நின்றுவிடும், பேருந்தும் அதோடு நின்றுவிடும் என்று மேயர் கூட்டம் போட்டுச் சொன்னார். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் உள்ளே வந்து, நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று சொன்னார். ரூடி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஒன்று உதைத்தது.

வெர்னெட்டா கோட்டைக் கழற்றாமலே மகனைக் கூப்பிட்டாள்.

"போர்டு எறங்கிடுச்சா?" என்றான் டெரல், எடுத்த எடுப்பில்.

"நான் அதக் கேக்கவா கூப்பிட்டேன்? சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. பயப்படாத, நான் இல்ல. கிறிஸ்துமஸுக்கு வந்துருவேன்." பிறகு, "அம்மா, அந்த டிரக்க யாருக்காவது குடுத்துரு. சும்மா துருப்பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றான்.

"நீ வந்து ஓட்டு. துரு போயிடும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நிம்மதியாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் உணவகத்தில், என் பையன் இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னாள். எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அடுத்த தெரு லோயிஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மகள் ஃபீனிக்ஸில் இருந்தாள், அன்றைக்குத் தொலைபேசியை எடுக்கவில்லை. போதாதா? அந்த ஒன்று லோயிஸின் மகள்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இழவு வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல அவள் வீட்டுக்குச் சாப்பாடு போனது. வெர்னெட்டாவும் கோழியும் நூடுல்ஸும் சீஸும் சேர்த்துச் சுட்டு, அடியில் தன் பெயரை எழுதிய ஒட்டுத்தாள் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மனசைத் தேத்திக்கோ என்று சொல்லிவிட்டும் வந்தாள். லோயிஸ் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

குளிர்காலம் முழுக்க எண் அசையவில்லை. ஒரு குழந்தை பிறந்தால் அன்றே ஒரு கிழவர் போனார். ஒரு குடும்பம் வந்தால் அதே அளவு குடும்பம் புறப்பட்டது. ஐம்பதாயிரம் வந்ததும் தீயணைப்பு நிலையத்தின் சங்கை ஊதச் சொல்லி மேயர் உத்தரவு போட்டிருந்தார். அந்த ஒருவரால்தான் எல்லாம் என்று ஊர் பேசப் பேச, லோயிஸ் மளிகைக் கடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு டெரல் வரவில்லை. கூடுதல் வேலை என்றான். வெர்னெட்டா அவன் தட்டையும் மேசையில் வைத்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவள் வார்டு உடையோடு உணவகத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஓட்டுநர் எண்ணைச் சொன்னார், அதே நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான். பிறப்பு ஒன்றுமில்லை என்றாள். இறப்பு ஒன்றுமில்லை என்றார் கிளைட். போக்குவரத்தும் இல்லை. ரூடி சரியாக இருக்கிறது என்று சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"டெரல் போயிட்டான்" என்றாள் வெர்னெட்டா. "நேத்து மத்தியானம். சங்கிலி அறுந்து குழாய் அவன் மேல விழுந்துடுச்சாம்."

எல்லோருடைய கண்ணும் கரும்பலகைக்குப் போனது. அங்கே ஒன்று குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை.

"பாத்தீங்கல்ல? கழிக்கிறதுக்கு அவன் கணக்குலயே இல்ல" என்றாள். "அக்டோபர்ல எறங்கினது என் பையன்தான்."

பிள்ளை செத்த துக்கம் ஒன்று, அவன் அதற்கு முன்பே தன்னை விட்டுப் போயிருந்தான் என்ற துக்கம் இன்னொன்று. இரண்டில் எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். கிளைட் தன் தொப்பியைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கொலம்பஸ் விமான நிலையத்துக்குப் பெட்டியை எடுக்க அவரே சவ வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வெர்னெட்டா முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். திரும்பும் வழியெல்லாம் சோள வயல்களில் அழுக்குப் பனி கிடந்தது. எங்கிட்டப் பொய் சொல்லிட்டான் கிளைட், என்று ஒருமுறை சொன்னாள். உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பான், என்றார் அவர். கிழக்கு எல்லை வந்ததும், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல அவருடைய கால் தானாக வேகத்தைக் குறைத்தது. வண்டியின் பின்சக்கரம் பலகையைத் தாண்டும்போது எண் மாறியது. பெட்டியோடு போகும்போது வழியில் நிறுத்தாத மனிதர், பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்து ஓரங்கட்டினார்.

"வெர்னெட்டா, கொஞ்சம் திரும்பிப் பாரு."

அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். ஐம்பதாயிரம் என்று இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி, பெட்டியிடம் பேசினாள்.

"வந்துட்டியா? வா வான்னுதான் கூப்பிட்டேன். இப்படி வரச் சொல்லலையேடா."

அப்போதுதான் அழுதாள்.

எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் எண்ணைப் பார்த்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். சவ வண்டி முக்கியத் தெருவுக்குள் நுழையும்போது சங்கு ஊதியது. கடைகளிலிருந்தும் வங்கியிலிருந்தும் ஜனங்கள் காபிக் கோப்பையோடு ஓடிவந்து கைதட்டினார்கள், காருக்குள் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், மேயர் நகர மன்றப் படியில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பிறகு வண்டியைப் பார்த்தார்கள். முன் இருக்கையில் வெர்னெட்டாவைப் பார்த்தார்கள். வந்த ஆள் யார் என்று விளங்கியது. கைதட்டல் தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒவ்வொருவராக நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சங்கை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஊதி ஓய்ந்தது. அந்த வெட்கம் எங்களுக்கு இன்றும் போகவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு நடந்தது. பீச் மரம் நட்ட பெண் ஒரு பானை நிறைய சோள இலையில் பொதிந்த தமாலே கொண்டுவந்தாள். மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டாத லோயிஸ் வந்தாள். அவள் கையில், அடியில் ஒட்டுத்தாள் உள்ள அதே கண்ணாடிப் பாத்திரம், நிறைய உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும்.

"உன் பாத்திரம் வெர்னெட்டா" என்றாள். "திருப்பிக் குடுக்க லேட்டாயிடுச்சு."

உன்னிடம் நான் எந்த முகத்தோடு பேசுவது என்றாள் வெர்னெட்டா. சாப்பிடு முதலில், என்று லோயிஸ் ஒரு தட்டில் எடுத்துவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வசந்தத்தில் கணக்கெடுப்புக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளையும் அம்மாக்கள் எழுதிக்கொடுத்தார்கள், ஆனால் வந்தவர்கள் மூச்சு விடுகிறவர்களை மட்டும் எண்ணுகிறவர்கள். ஒன்று குறைந்தது. பணம் நின்றது, ஆகஸ்டில் பேருந்தும் நின்றது. பலகை தவறு என்று அவர்கள் எழுதிக் கேட்டதற்கு, தவறு இல்லை என்று மேயர் பதில் எழுதினார். ஊரில் செத்தவர்களை எல்லாம் கழித்த பலகை, செத்துவந்த இவனை மட்டும் ஏன் கூட்டியது என்று ஒரு புது ஆள் உணவகத்தில் கேட்டான். ரூடி அவனுக்குக் கூடக் கொஞ்சம் காபி ஊற்றினார், அவ்வளவுதான்.

பேருந்து இல்லாததால் வெர்னெட்டா இப்போது டெரலின் சிவப்பு டிரக்கில்தான் வேலைக்குப் போகிறாள். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. வேலை முடிந்ததும் கிழக்கு எல்லைவரை போய், பலகையைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு ரூடியின் கடைக்கு வந்து எண்ணைச் சொல்வது அவள் பொறுப்பு. அவள் பிறப்புகளைச் சொல்கிறாள், கிளைட் இறப்புகளைச் சொல்கிறார். எண் ஏறுகிறது, இறங்குகிறது, பெரும்பாலும் இறங்குகிறது. உயிரோடு இருப்பவர்களை எல்லாம் கூட்டிக் கழித்தபிறகும் பலகையில் ஒன்று மிஞ்சும். "டெரல் ஒண்ணு" என்பார் கிளைட். ரூடி அதையும் எழுதுவார். கணக்கு சரியாக இருக்கும்.