தூக்கி மூடும் கதவு

கிழக்கு வெளுத்து, கூரைத் தகடுகளில் படிந்த பனிநீர் சொட்டுச் சொட்டாய் வழிந்து தெருவின் கல்தளத்தை நனைக்க, இரும்பு உருள்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் இடியென முழங்கி மேலேற, பற்றவைப்பவரின் கொட்டகையில் நீலத்தீ கண்சிமிட்ட, கண்ணாடி அறுப்பவரின் வாயிலில் சாய்த்து வைத்த பலகைதோறும் ஒரு கதிரவன் பல கதிரவராய்ப் பிறக்கும் அந்தப் பட்டறைத் தெருவை, கற்றறிந்த அன்பரே, சற்றே நின்று காணுங்கள். அத்தெருவின் கடைக்கோடியில், மாடிப்படியின் கீழ் ஒடுங்கிய அறையொன்றில், ஓர் ஊரின் வண்டியெல்லாம் ஒற்றைப் பலகையில் இளைப்பாறி நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் சீருந்துகள் அவை. உண்மை வண்டியை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காய்ச் சுருக்கி, வெள்ளீயத்தில் வார்த்து, அராவி, வண்ணம் பூசி எழுப்பிய சிற்றுருக்கள். அவற்றைப் படைத்த கைகள் சென்ற மழைக்காலத்தில் ஓய்ந்தன. அவை என் கணவரின் கைகள்.

அக்கைகள் முதலில் கற்றது சீருந்தன்று, பல். பல் மருத்துவர்க்குப் பொய்ப்பல் கட்டித்தரும் கூடத்தில், மெழுகிலே செதுக்கி, அம்மெழுகை உருக்கி வடித்து, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, முன்பின் அறியாதவர் வாய்க்குச் சிரிப்பை மீட்டுத் தந்தவர் அவர். தெருவில் அவர் பெயரே பல்லுக்காரர்.

"எல்லாப் பல்லையும் வரிசையா அடுக்கிட்டா, பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்மா" என்பார் என்னிடம். "ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கணும். அப்பதான் அது அந்த ஆளோட வாய்."

மணமான புதிதில் நாங்கள் வாங்கிய பழைய சீருந்துக்கும் அப்படியொரு சாய்வு இருந்தது. மலிவான வகை அது. ஓட்டுநர்க்கு அடுத்த இருக்கையின் கதவு, அவ்வகை வண்டி ஒவ்வொன்றிலும் கீல் தளர்ந்து தொங்கும். வெளியே நின்று அடிவிளிம்பைத் தூக்கித் தள்ளினாலன்றி மூடாது. ஆதலால் நான் ஏறும்போதெல்லாம் அவர் வண்டியைச் சுற்றி ஓடிவந்து, குனிந்து, கதவைத் தாங்கி மூடிவிட்டுத் தம் இடத்திற்குத் திரும்புவார். இதைக் கண்ணாடிக்காரரின் மனைவி வேறாகப் புரிந்துகொண்டார்.

"பாருங்க, பல்லுக்காரர் பொண்டாட்டிய மகாராணி மாதிரி ஏத்தி உட்கார வைக்கிறாரு. நீங்களும் இருக்கீங்களே!"

"உனக்கும் ஒரு ஓட்டைக் கதவு வாங்கித் தரேன், விடுடி" என்றார் கண்ணாடிக்காரர், ஒருமுறை அக்கதவோடு மல்லுக்கட்டியவர் ஆதலால்.

பற்கூடம் கழித்துப்போட்ட வார்ப்புப் பொறியைச் செப்பனிட்டு, படிக்கட்டின் கீழ்ப் பட்டறை தொடங்கியபோது, வண்டியின் முகப்பில் வரிசையாய் நிற்கும் கம்பிச்சட்டம் அவர் கண்ணுக்குப் பல்வரிசையாகவே பட்டது. தினையினும் சிறிய தன் இலச்சினையைச் சிற்றுருக்களின் மூக்கில் பதித்துக்கொள்ள, உண்மை வண்டிகளைச் செய்யும் நிறுவனமும் இசைவு தந்தது. இரு பெண்கள் வண்ணம் பூச வந்தனர், பட்டறை தழைத்தது. பின்னர் ஒருநாள், தன் பழைய வண்டியின் நினைவாக அதன் சிற்றுருவை விற்பனைக் கூடங்களுக்கெல்லாம் வழங்க எண்ணி, அந்நிறுவனம் அவரையே நாடியது. எங்கள் வண்டி! அவ்வேலை கிட்டினால் பட்டறை பல்லாண்டு நிமிர்ந்து நிற்கும், நழுவினால் விளக்கணையும். முதல் சிற்றுருவைக் காண அலுவலர் வந்தார். கதவைத் திறந்தார், மூட முயன்றார்.

"சார், கதவு தொங்குதே."

"வண்டியிலயும் தொங்கும்."

"எங்க வண்டியில தொங்காது."

"நீங்க உங்க வண்டியில ஏறினதே இல்ல போலிருக்கு."

அலுவலர் சிரிக்கவில்லை. கதவை நிமிர்த்தாவிடில் இந்த வேலையும் இல்லை, எந்த வண்டிக்கும் இலச்சினையும் இல்லை என்று சொல்லிச் சென்றார். அன்று மாலை நானும் கேட்டேன்.

"என்னங்க, ஒரு கீலுதானே? நிமிர்த்திட்டா என்ன?"

"நிமிர்த்திட்டா, நான் எதுக்கு உன் பக்கம் ஓடி வந்தேன்?"

அவர் அரத்தை எடுத்தார். அச்செடுக்கும் மூல உருக்கள் அனைத்திலும் இலச்சினையை அராவித் தள்ளினார். மூளியான மூக்கோடு வண்டிகள் பிறந்தன. வண்ணம் பூசிய பெண்கள் வேறு வேலை தேடிப் போயினர். காலையில் பல் கட்டியும் மாலையில் வண்டி வார்த்தும் அவர் முதுகு வளைந்தது. தொங்கும் கதவோ மயிரிழையும் நிமிரவில்லை.

வாடகை வண்டி ஓட்டிக் களைத்த முதியவர் ஒருவர் ஒருநாள் பட்டறைக்குள் நுழைந்தார். மூக்கில் பெயரற்ற அவ்வண்டியைக் கையிலெடுத்து, கதவைத் திறந்து, எவரும் சொல்லாமலே விரல்நகத்தால் அடிவிளிம்பைத் தூக்கி மூடினார். மூடியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவி, இவனை எனக்குத் தெரியுமே!" அவர் சொல்லி ஒருவர், அவர் சொல்லி இன்னொருவர் என, கீழ்க்காற்றில் பரவும் மழைமணம்போல் செய்தி பரவியது. அக்கதவோடு வாழ்ந்தவரெல்லாம் வந்தனர். பெண்கள் இருவரும் தூரிகையைத் தேடித் திரும்பினர்.

என் கணவர் மறைந்தபின் நிறுவனம் மீண்டும் ஆளனுப்பியது. மென்மையாகப் பேசும் இளைஞர். இலச்சினையும் தருவதாகச் சொன்னார், பெரிய வேலையும் தருவதாகச் சொன்னார்.

"கதவை மட்டும் கொஞ்சம் நேராக்கிடுங்கம்மா. சார்தான் இப்ப இல்லையே, யாருக்குத் தெரியப்போகுது?"

நான் வண்டியை அவர் கையில் வைத்தேன். "மூடுங்க தம்பி."

அழுத்தினார். மூடவில்லை. பல்லைக் கடித்து மீண்டும் அழுத்தினார்.

"உடைச்சிடாதீங்க. குடுங்க இப்படி" என்று வாங்கி, தூக்கி மூடினேன். "இதை மூடத் தெரியாதவங்க பேரு இதுமேல எதுக்குப்பா?"

இளைஞர் போனபின் பட்டறை, என் கணவரிடம் வார்ப்பும் கற்ற அவ்விரு பெண்களின் அரத்தொலியில் முன்போலவே ஆழ்ந்தது. இன்றும் இங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு வண்டியின் கதவையும் நானே தூக்கி மூடுகிறேன். என் பக்கம் சுற்றிவர இனி எவருமில்லை. குறையை நிமிர்த்துவோர் உலகில் பலர், அன்பரே. அக்குறைக்காக ஓடிவந்து, குனிந்து, தாங்கியவர் ஒருவரே. அவர் தாங்கியதை நிமிர்த்த எவர்க்கும் உரிமையில்லை. மூக்கில் பெயரின்றி, தொங்கும் கதவோடு, அவ்வண்டி போகும்.