வானம் பார்த்த வேர்

சதுப்பு ஒரே நாளில் முளைத்துவிடாது. முதலில் குளம். குளம் தூர்ந்தால் கோரை. கோரை செத்துச் செத்து மக்காமல் அடியில் கிடக்க, அதன் தலையில் பாசி ஏறி உட்காரும். உட்கார்ந்த பாசி தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் புளிப்பேற்றி, வேறு எந்தச் செடியையும் லேசில் அண்டவிடாது. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே மேலே மேலே வளரும். அதெல்லாம் கிடையாது என்று சொல்லும் அரை மீட்டர் சதுப்பு மண், குழாய் இறக்கி எடுத்தது, ஆய்வு மாணவியான அவள் மேசையில் கிடந்தது.

அதில் அடியில் பாசி, மேலே கோரை. வெள்ளம் வந்து பாசியை மூழ்கடித்தது, கோரை திரும்பி வந்தது என்பது பேராசிரியரின் கண்டுபிடிப்பு. அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதுதான். எழுதிக் கொடுத்தால் இந்த வருஷமே பட்டம். அப்பா இப்போதே தெரு முழுக்க ‘என் பொண்ணு டாக்டர்’ என்று சொல்லிவைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா மூட்டுவலிக்கு மாத்திரை கேட்கிறாள்.

துண்டை நெடுக்காகப் பிளந்து லென்ஸை வைத்தாள். கோரை வேர் ஒன்று, தடித்த முனை கீழே, நுனி மேலே. அடுத்ததும் அப்படியே. எல்லா வேரும் வானத்தைப் பார்த்தன. எந்த ஊரில் வேர் மேல்நோக்கி வளரும்? குழாயிலிருந்து எடுத்தவர்கள் துண்டைத் தலைமாற்றிப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

எடுத்தவன் ஆய்வகத்து மூத்த மாணவன். அவனிடம் காட்டினாள்.

“ஐயோ தாயே, வெளிய சொல்லித் தொலைக்காத. சார் மாநாட்டுலயே பேசிட்டாரு.”

“வேர் மாநாட்டுக்குப் போகலையேண்ணா.”

“முதல்ல பட்டத்த வாங்கு. நியாயத்த அப்புறம் பேசு.”

“அப்புறம் பேசுனவங்க யாரையும் நான் பார்த்ததில்ல.”

துண்டு இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

“நீ வெட்டும்போது புரட்டியிருப்ப.”

“எடுத்த இடத்துலயே ரெண்டாக்கினதுல மிச்சப் பாதி பிரிக்காம ஃப்ரிட்ஜ்ல இருக்கு சார், அங்கேயே மேல் கீழ் எழுதிச் சுத்தின பிளாஸ்டிக்கோட. உங்க கையாலயே பிரிங்க. மண்ணு எடுத்த அன்னைக்கு நானும் வந்திருந்தா பழிய என் தலையில போடலாம். பொம்பளப் புள்ளைக்குச் சேறு எதுக்குன்னு விட்டுட்டுப் போனீங்க.”

அவர் பிரித்தார். அங்கேயும் நுனிகள் மேலேதான்.

“ஒண்ணு புரண்டா இன்னும் எதெது புரண்டுச்சோ. மொத்தமும் புதுசா எடுக்கணும். அதுக்குச் சதுப்புல தண்ணி வத்தணும். உனக்கு ஒரு வருஷம் போயிடும், புரியுதா?”

“புரியுது சார். இந்தத் தடவ குழாயை நான்தான் பிடிப்பேன்.”

வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“இன்னும் ஒரு வருஷம் ஆகும்ப்பா.”

“ஃபெயிலாம்மா?”

“இல்லப்பா. மண்ணத் தலைகீழா வச்சுட்டாங்க.”

“யாரு?”

“இங்க இருக்கற பெரியவங்கதான்.”

“அப்ப அவங்களுக்கில்ல ஒரு வருஷம் போகணும்?”

அதைக் கேட்காமல் வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு, வந்த வழியே பேராசிரியர் அறைக்குத் திரும்ப நடந்தாள்.