வலது கட்டைவிரல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொக்சு கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கும்ரே அதைப் பார்த்தாள். அவருடைய வலது கட்டைவிரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. ஊசி குத்திய இடம். குத்தி நாலு நாள் ஆனால் அது எப்படிக் காய்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? நாலு வருஷமாக அந்த வீட்டில் ஊசியைக் கையில் எடுக்கிறவளே அவள்தான்.

ஆனால் அவள் குத்துவது இடது கட்டைவிரலில். எப்போதும் இடது.

சாப்பிட்டது வயிற்றில் அடைத்துக்கொண்டால் கைவைத்தியம் இதுதான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையை அழுத்தித் தடவி, கெட்ட ரத்தத்தை எல்லாம் கட்டைவிரலுக்கு இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, நகத்தடியில் ஒரு குத்து. ரத்தம் கறுப்பாக ஒரு சொட்டு வரும். ஆளுக்கு ஒரு ஏப்பம் வரும், முகத்தில் களை வரும். பிள்ளைக்குத் தாய் செய்வாள், புருஷனுக்குப் பெண்டாட்டி செய்வாள். கையைத் தடவித் தடவிச் செய்கிற வேலை அது. வழியில் போகிறவர்கள் செய்துவிட்டுப் போகிற வேலை இல்லை.

"விரல்ல என்ன அது?" என்றாள்.

"எது?"

"வலது கையில."

தொக்சு விரலைத் திருப்பிப் பார்த்தார். முதல்முறை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த நடிப்பு ரொம்ப மோசமாக இருந்தது.

"பஸ் கதவு இடிச்சிருக்கும், சோரா அம்மா." மகள் பேரை வைத்துத்தான் அவர் பெண்டாட்டியைக் கூப்பிடுவார்.

முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிற மனுஷனை, கதவு இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது ஊசி முனை அளவுக்கு இடித்திருக்கிறதாம். கும்ரே மீன் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள், கொஞ்சம் வேகமாகவே.

தொக்சுவின் வயிறு நாலு வருஷத்துக்கு முன்னால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாப்பிட்ட அரைமணியில் மத்தளம் மாதிரி உப்பும், கடமுடவென்று உருட்டும், பிறகு கழிவறைக்கு ஓட்டம். பஸ் ஓட்டுகிறவருக்கு இது எப்பேர்ப்பட்ட சங்கடம் என்று சொல்லவே வேண்டாம். இரண்டு முறை நட்டநடு வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகளைக் காத்திருக்க வைத்து, சோளக்கொல்லைக்குள் இறங்கியிருக்கிறார். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் மேலிருந்து குழாய் விட்டார்கள், கீழிருந்து குழாய் விட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சுத்தமாக இருக்கிற குடல் ஏன் மனுஷனை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது என்று கேட்டால், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். மூலிகை வைத்தியர் வயிறு குளிர்ந்துபோய்விட்டது என்றார். நாத்தனார், மாமனார் கல்லறையில் தண்ணீர் இறங்கியிருக்கும், அப்பன் நனைந்தால் பிள்ளைக்கு நோய் வரும், போய்ப் பாருங்கள் என்றாள். போய்ப் பார்த்தார்கள். கல்லறை உலர்ந்துதான் இருந்தது. பதினோரு கிலோ இளைத்திருந்தார்.

கடைசியாகப் பார்த்த டாக்டர் கொஞ்சம் பொறுமைசாலி. என்ன சாப்பிடுகிறார், எப்போது உபாதை வருகிறது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். கும்ரே சமையலறையில் தொங்கிய பெரிய எழுத்து நாட்காட்டியில் குறித்தாள். சோறு, கீரை, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய், சோயா விழுதுக் குழம்பு, கானாங்கெளுத்தி. உபாதை வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம். ஒரு சின்ன வெங்காயத்தைக்கூட விடவில்லை. விட்டது ஒன்றே ஒன்று, பிளம்பாகு. மருந்தைப் போய் யாராவது சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்களா?

ஆற்றங்கரை ஊர் அது. ஜூன் மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு பச்சைப் பிளம்காயைச் சம எடை சர்க்கரையில் போட்டு ஊறவைப்பார்கள். நூறு நாள் கழித்து வடிக்கிற பாகு எந்த வயிற்றுக்கோளாறையும் தீர்க்கும் என்பதில் அந்த ஊரில் இரண்டு கருத்தே கிடையாது. கும்ரேயின் பாகு ஊரிலேயே பேர்பெற்றது. கிம்ச்சியில் ஒரு கரண்டி, கீரையில் ஒரு கரண்டி, மீனில் இரண்டு கரண்டி, சாப்பிட்டு முடித்ததும் வெந்நீரில் கலக்கி ஒரு கிளாஸ். தொக்சுவின் வயிறு மோசமாக ஆக, அவள் கரண்டியைக் கூட்டிக்கொண்டே போனாள்.

ஊசிக்குத்தைப் பார்த்த அன்று, அவர் குளிக்கப் போனதும் கும்ரே நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட ஒரே கணக்குதான். ஒரு வாரம் பூராவும் சிவப்பு வட்டம். அடுத்த வாரம் திங்கட்கிழமை ஒன்று, சில சமயம் செவ்வாயும், அதற்கப்புறம் வெறும் வெள்ளை. அதற்கடுத்த வாரம் மறுபடி சிவப்பு. இத்தனை நாள் தன் கண்ணெதிரே தொங்கியது, தனக்கே தெரியவில்லை.

வெள்ளை வாரங்கள் எல்லாம் அவர் மலை வழித்தடத்தில் ஓட்டுகிற வாரங்கள். விடிகாலை முதல் பஸ் மேலிருந்தே கிளம்ப வேண்டும் என்பதால் திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்டுநர்கள் மலையடிவாரத்துக் கடைசி நிறுத்தத்திலேயே தங்குவார்கள். அந்த வாரக் கணக்கை அவர் போனில் சொல்ல, அவள் குறிப்பாள். அங்கே தங்குவதற்கு ஒரு அறை, பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. நடத்துவது ஒக்சிம் என்று ஒரு விதவை. அவள் பேரை தொக்சு மொத்தம் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார். இப்போது யோசித்தால், இரண்டு தடவை மட்டும் சொன்னதே சந்தேகமாக இருந்தது.

வீட்டில் இருந்தால் நோயாளி. அவளிடம் போனால் ஆரோக்கியம். பெண்டாட்டி சமைத்தால் சோளக்கொல்லை, அவள் சமைத்தால் சுகம். கும்ரேக்கு வயிறு எரிந்தது. புருஷன் கெட்டுப்போனான் என்றால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். தன் சோறு அவரைப் படுக்கப் போடுகிறது, இன்னொருத்தி சோறு எழுப்பி உட்கார வைக்கிறது என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்தது வீட்டு வாரம். கும்ரே வரிந்துகட்டிக்கொண்டு சமைத்தாள். நெத்திலி மீனைப் பாகில் பிரட்டினாள், தாமரைக்கிழங்கைப் பாகில் வேகவைத்தாள், காலையில் ஒரு கிளாஸ், இரவில் ஒரு கிளாஸ். நாட்காட்டியில் ஐந்து வட்டம் விழுந்தது, புதன்கிழமைக்கு இரட்டை வட்டம். வியாழனன்று அவர் இடது கட்டைவிரலில் ஊசி குத்தியபோது வழக்கத்தைவிட ஒரு நூல் ஆழமாகவே இறக்கினாள்.

"மெதுவா," என்றார் தொக்சு.

"மெதுவாக் குத்துறவங்ககிட்ட போய்க் குத்திக்குங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை, வழக்கம்போல ஒரு பாட்டில் பிளம்பாகைத் துணியில் சுற்றி அவர் பையில் வைத்து அனுப்பினாள். புதன்கிழமை, அவருடைய வண்டி கீழே இறங்குகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, இன்னொரு ஓட்டுநரின் பஸ்ஸில் ஏறினாள். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, முறம் போல விரிந்த வெயில்தொப்பி. வண்டியில் இருந்த எல்லாப் பெண்களும் அதே கோலத்தில்தான் இருந்தார்கள், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மினுக்குகிற ஒருத்தியைத்தான் அவள் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். கடையில் இருந்தவளுக்கு அறுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட கால்சட்டை, கும்ரேயின் தலையில் இருந்த அதே சுருட்டை முடி. கும்ரேக்கு இன்னும் எரிச்சல் கூடியது. அழகிக்கு மயங்கினார் என்றால் ஆண்பிள்ளைப் புத்தி என்று விட்டுவிடலாம். தன்னைப் போலவே இருக்கிற ஒருத்தியிடம் என்ன கண்டார்?

"உக்காருங்கக்கா. சோறா, கஞ்சியா?"

"சோறு."

வந்தது சோறு, கீரை, முள்ளங்கிக் குழம்பு, வாட்டின மீன். கும்ரே முகக்கவசத்தை இறக்கி ஒரு வாய் வைத்தாள். உப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது. வேறொன்றுமில்லை. சப்பென்று இருந்தது. இதற்கா?

"கீரையில பிளம்பாகு போடலையா நீங்க?"

"நம்ம கடையில அது எதுலயும் கிடையாதுக்கா. என் வீட்டுக்காரருக்கு ஒத்துக்கலை." ஒக்சிம் எதிரே உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். "ஆறு வருஷம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. நான் வேற பாகு பாகா ஊத்துறேன். கடைசியா ஒரு டாக்டர் என்னமோ இனிப்புத் தண்ணியக் குடிக்கவச்சு, பைக்குள்ள மூச்சு ஊதச் சொன்னாரு. பழத்துல இருக்கிற சர்க்கரை அவர் குடலுக்கு ஆகலையாம். பாகை நிறுத்தினேன், ரெண்டே வாரத்துல மனுஷன் எந்திரிச்சு ஏர் ஓட்டப் போயிட்டாரு. அப்புறம் அவர் போனது வேற, நெஞ்சுவலில. இப்ப இங்க வர்ற ஒரு டிரைவருக்கும் அச்சு அசலா அதே கதை."

கும்ரேயின் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே பலகையில் வரிசையாக பாட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பட்டையில் அவள் கையெழுத்து: சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கரண்டி. பன்னிரண்டு இருந்தன. ஒன்றுகூட மூடி திறக்கப்படவில்லை.

"அது?" என்றாள்.

"அந்த டிரைவரோடதுதான். வசந்தத்துலயே அவர்கிட்ட சொல்லிட்டேன், இதை நிறுத்திப் பாருங்கன்னு. இங்க நிறுத்திட்டாரு. வீட்டுல நிறுத்த மாட்டேங்குறாரு. 'அவ கையால போட்டது, எப்படி வேணாம்ங்கிறது'ங்குறாரு. குடிக்கவும் முடியல, கொட்டவும் மனசு வரல. இங்க கொண்டாந்து அடுக்குறாரு. நான் என்ன மியூசியமா வச்சிருக்கேன்?"

வசந்தத்திலேயே. அப்படியென்றால் இந்த ஜூனில் அவள் வாங்கிவந்த இருபது கிலோ பிளம்காயின் காம்பை, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அப்போது அவருக்குத் தெரியும்.

"ஊசி குத்தினது நீங்களா?" என்று கும்ரே கேட்டாள்.

ஒக்சிம் பூண்டை வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தாள். பிறகு பாட்டில்களைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு ரொம்ப முடியலக்கா அவருக்கு. வீட்டுல இருந்து வர்ற திங்கக்கிழமை எப்பவும் சுருண்டுதான் கிடப்பாரு. குத்திவிடச் சொன்னாரு. நான் இடது கையைப் புடிச்சேன். வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, 'அது வீட்டம்மாவோடது, வலதுல குத்துங்க'ன்னாரு."

இதைக் கேட்டு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். பாதி குளிர்ந்தது. மீதி, வலதை மட்டும் எதற்கு இவளுக்குத் தூக்கிக் கொடுத்தார் என்று கொதித்தது. தன்னிடம் சொல்லாத ஒன்றை இவளிடம் சொல்லியிருக்கிறார். இவளுக்குத் தெரிந்த ஒன்று, நாலு வருஷம் நாலு டாக்டர் வாசலில் தவம்கிடந்த தனக்குத் தெரியவில்லை. பதில் கிடைத்துவிட்டது, அதுவும் இந்த ரப்பர் பூட்ஸ்காரி வாயிலிருந்து. வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

கும்ரே தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எழுந்து கும்பிட்டாள். "கீரையில உப்பு கொஞ்சம் தூக்கல்," என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை தொக்சு தெளிந்த முகத்தோடு வந்தார். கும்ரே கீரை, குழம்பு, மீன் வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவர் நிமிர்ந்தார், உடனே குனிந்துகொண்டார். கீரை சப்பென்று இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் வழக்கம்போல வெந்நீரில் இரண்டு கரண்டி பாகு கலக்கி அவர் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தையைத் தன்னிடம் சொல்லட்டும்.

தொக்சு கிளாஸை எடுத்தார். ஊதினார். உதட்டருகே கொண்டுபோனார்.

"வைங்க கீழ," என்றாள் கும்ரே.

அவர் வைத்தார்.

"ஆறு மாசமாத் தெரியும். தெரிஞ்சும் என் முன்னாடி உக்காந்து குடிக்கிறீங்க. வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருளுறீங்க. நான் விடிய விடிய காலைப் புடிச்சு விடுறேன். வாயத் தொறந்து சொன்னா என்ன?"

தொக்சு கிளாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மலைக்குப் போயிருந்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

தொக்சு மேசையைத் துணியால் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. "என்னன்னு சொல்றது, சோரா அம்மா? நீ எனக்காக நாலு வருஷமா ஊத்துன மருந்துதான் எனக்கு வெனைன்னு சொல்லணும். எத்தனையோ நாள் சொல்ல வாயெடுத்தேன். வயித்துவலி தேவலைன்னு பட்டுச்சு."

கும்ரே அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, நாட்காட்டியில் சிவப்பு வாரம் எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் பிளம்பாகு என்று எழுதினாள். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டும், மூச்சு ஊதுகிற பரிசோதனையைக் கேட்க வேண்டும் என்றாள். அலமாரியைத் திறந்து ஊசி டப்பாவையும் நூல்கண்டையும் எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

தொக்சு பழக்கத்தில் இடது கையை நீட்டினார்.

"வலது."

"இப்ப எதுக்கு? வயிறு நல்லாத்தானே இருக்கு."

"தெரியும். நீட்டுங்க."

தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அவசரப்படாமல், மூன்று முறை தடவி இறக்கினாள். கட்டைவிரலில் நூலைச் சுற்றினாள். அந்தக் கறுப்புப் புள்ளி இன்னும் லேசாகத் தெரிந்தது. அதன் மேலேயே, சரியாக அதே இடத்தில், குத்தினாள். ரத்தம் ஒரு சொட்டு வந்து நின்றது. சுத்தச் சிவப்பு. நாலு வருஷத்தில் அந்த நிறத்தை அவள் பார்த்ததில்லை.

அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ குத்தினப்ப எப்படி வந்துச்சு?"

"கறுப்பா," என்றார் தொக்சு.

"அப்ப சரி," என்றாள் கும்ரே.