ஏழு குழிகள்

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், "விண்வெளி ஆராய்ச்சி" என்பார் அவர். கேட்டவர் கண்ணை அகல விரிப்பார். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாட்டார். "குழி எண்ணுறேன்" என்று உண்மையையும் சேர்த்துச் சொல்லி, விரிந்த கண்ணைத் தானே சுருங்க வைப்பார். விண்கற்கள் மோதி உண்டான குழிகளை எண்ணி, அந்தத் தரைக்கு வயது சொல்வது அவர் பிழைப்பு. குழி அதிகமென்றால் கிழட்டுத் தரை, குறைவென்றால் இளசு. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அலுவலகத்தில் குழிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபமாக இருக்கும்போது மனைவிகூட அலுவலகத்துக்குப் போன் போட்டு, "குழிக்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பாள்.

இப்போது அவர்களுடைய விண்கலம் ஒன்பது வருஷம் பறந்து, சூரியக் குடும்பத்தின் கடைக்கோடியில் ஒரு குறுங்கோளை நெருங்கியிருந்தது. அதுவும் உருண்டைதான், சூரியனைச் சுற்றுவதும்தான். ஆனாலும் கோள் என்ற மரியாதை அதற்குக் கிடையாது. தன் பாதையில் கிடப்பதையெல்லாம் விழுங்கியோ விரட்டியோ வழியைத் துப்புரவாக்கியிருந்தால்தான் கோள். இந்த வரையறைக்காக மேடை மேடையாக வரிந்துகட்டிக்கொண்டு பேசியவர் குழிக்காரர். "உருண்டையா இருந்தாலே கோள்னா, என் தொப்பையும் கோள்தானே?" என்பார். கூட்டம் சிரிக்கும்.

அவருடைய தங்கை மட்டும் சிரிக்க மாட்டாள். கூடப்பிறந்த தங்கை, அதே திட்டத்தில், குறுங்கோள்களைச் சுற்றிக் காற்று உண்டா என்று ஆராய்பவள். ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "அக்கம்பக்கத்துல யாரையும் விட்டுவைக்காததுதான் கோள்னா, இந்த ஆபீஸ்ல இருக்கிற ஒரே கோள் நீதாண்ணா."

அன்றைக்கு அவரும் சேர்ந்துதான் சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் வீட்டிலிருந்த ஒரே மேசை விளக்கு எப்போதும் அவர் புத்தகத்தின்மேல்தான் விழும். அவள் மிச்ச வெளிச்சத்தில் படித்தாள். இங்கேயும் இரண்டு ஜன்னல் வைத்த அறை அவருக்கு, பிரிண்டருக்குப் பக்கத்து மூலை அவளுக்கு. பாவம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

இந்த முறை சண்டை நாலு நிமிஷத்துக்காக. விண்கலத்தால் அந்தக் குறுங்கோளில் நிற்க முடியாது, ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும். கேமராவின் ஒவ்வொரு நொடியையும் யார் யாருக்கோ பங்கு போட்டது போக, மிக அருகில் கடக்கும் அந்த நாலு நிமிஷம் மட்டும் பாக்கி. தெற்குச் சமவெளியைப் படமெடுத்தால் குழி எண்ணலாம் என்றார் இவர். கேமராவைப் பின்னால் திருப்பித் தனக்குத் தர வேண்டும் என்றாள் தங்கை. விண்கலம் கிளம்பும் முன்பிருந்தே, பதினாலு வருஷமாக, அந்த நாலு நிமிஷத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு விண்கலம் அங்கே போவதற்குள் அவளுக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

திட்ட இயக்குநர் இருவரையும் உட்காரவைத்து முடிவு சொன்னார். "கடைசிப் படம் காலைல வரும். அந்தச் சமவெளில ஒரே ஒரு குழி தெரிஞ்சாலும் நாலு நிமிஷம் சாருக்கு. இல்லைன்னா தங்கச்சிக்கு. பன்னண்டு மணிக்குக் கட்டளை கிளம்பிடும். அதுக்கப்புறம் யார் அழுதாலும் மாத்த முடியாது."

படம் பத்து மணிக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு சமவெளி. குழிக்காரர் தன் அறையில் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒன்று தெரிந்தது. வட்டம், அதைச் சுற்றி எழும்பிய விளிம்பு, அச்சு அசல் குழி. பிறகு இன்னொன்று. மொத்தம் ஏழு. மவுஸால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, விட்டம் அளந்து, பத்தரைக்கெல்லாம் இயக்குநருக்கு அறிக்கை அனுப்பினார். "தரை மிகப் பழையது. முற்றிலும் செத்த கட்டி" என்று அடியில் ஒரு வரி. ஒரே ஒரு குழி போதும் என்ற இடத்தில் ஏழு! காலை ஆட்டியபடி ஒரு பாட்டையும் முணுமுணுத்தார்.

தங்கை அறைக்குள் வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று திரையைப் பார்த்தாள். "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். அவள் சண்டை போடாதது அவருக்குச் சப்பென்று இருந்தது.

பதினொன்று இருபதுக்கு, ஏழிலும் பெரிய குழியை ரசிக்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினார். அவர் போட்ட வட்டங்கள் பெரிதாகி, நகர்ந்து, திரையின் ஓரத்தில் மறைந்தன. குழிகள் நகரவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே உட்கார்ந்திருந்தன.

படத்தை இடப்பக்கம் இழுத்தார். குழிகள் அசையவில்லை. வலப்பக்கம் இழுத்தார். ஊஹூம். விரல் நுனியை எச்சிலில் தொட்டு ஒரு குழியின்மேல் வைத்துத் தேய்த்தார். ஐநூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த குழி அவர் விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார். டீ.

படம் திறந்த பரபரப்பில், வாயிலிருந்த டீயோடு தும்மியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டீத்துளி காய்ந்தால் ஓரத்தில் விளிம்பு கட்டி, நடுவில் பள்ளமாகவே தெரியும். வேறு யாராக இருந்தாலும் கறை என்று துடைத்திருப்பார்கள். இருபத்தாறு வருஷ அனுபவசாலி அதற்கு விட்டம் அளந்து, வயது கணித்து, அறிக்கையும் அனுப்பிவிட்டார். அந்தக் கணக்குப்படி அவர் டீக்கு நானூறு கோடி வயது.

துடைத்துவிட்டு மறுபடி தேடினார். ஒன்றுமில்லை. அம்மை வராத குழந்தையின் கன்னம் மாதிரிக் கிடந்தது தரை. மணி பதினொன்று முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாலு நிமிஷம் அவருக்கே. பிறகு, "நிழலாக இருந்திருக்கலாம்" என்று பூசி மெழுகிவிடலாம். குழிக்காரர் டீயை எண்ணினார் என்பது ஊர் உலகத்துக்குத் தெரியவே வேண்டாம். அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தார். ஏழு நிமிஷம் யோசித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அவ்வளவு உத்தமர் ஒன்றும் இல்லை. கடைசியில் வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம் என்று எழுந்து நடந்தார்.

கட்டுப்பாட்டு அறையில் இருபது பேர் இருந்தார்கள். "மேடம், அந்த ஏழும் குழி இல்லை" என்றார் இயக்குநரிடம்.

"வேற என்ன?"

"டீ. நான்தான் தும்மினேன்."

 அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கட்டளை அனுப்பும் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள். "சக்கரை எத்தனை ஸ்பூன் சார்? அதையும் அளந்தீங்களா?" என்றார் ஒருவர். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டளையை மாற்றச் சொன்னார். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது நாலு நிமிஷம் கைமாறியது. அசடு வழிய நின்றிருந்த குழிக்காரருக்கு, நெஞ்சில் மட்டும் ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

வெளியே நடைபாதையில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணா" என்றாள். "பின்னாடி நின்னப்பவே பார்த்தேன். நாலு துளி படத்துல, மூணு துளி படத்துக்கு வெளியே, திரையோட கறுப்பு ஓரத்துல இருந்துச்சு."

அவருக்குத் தலை சுற்றியது. மூன்று குழிகளை அவர் வெட்டவெளியில் எண்ணியிருக்கிறார். "தெரிஞ்சும் ஏன் சொல்லல? பதினாலு வருஷம் கேட்டியே!"

"நான் சொல்லி நீ என்னைக்குக் கேட்டிருக்கே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பார். அவள் மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னாள். பதில் தேடினார், ஒரு நாளாவது, ஒரு விஷயமாவது அகப்படுமா என்று துழாவினார். அகப்படவில்லை. அழுகை வரும்போல் இருந்தது.

சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்.

"அந்த நாலு நிமிஷத்துல நீ என்ன பார்க்கப்போறே?" என்று கேட்டார்.

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை என்று உறுதியான பிறகுதான் உட்கார்ந்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கைகளை வீசி, அந்தக் குறுங்கோளின் இருட்டுப் பக்கத்திலிருந்து சூரியனைத் திரும்பிப் பார்த்தால் அதன் காற்று ஒரு மெல்லிய வளையமாகத் தெரியலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். குழிக்காரருக்கு நடுவில் இரண்டு சந்தேகங்களும் ஒரு திருத்தமும் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்றார்.