டாலாவின் 2009ஆம் ஆண்டு மாணவர்கள்

ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவில் நாற்பத்தொரு பேரின் முதுகு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிமிர்ந்தது. எந்த வைத்தியரும் அவர்களைத் தொட்டிருக்கவில்லை. இக்கரையில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்பாதையை ஒட்டி ஓர் ஆஸ்டியோபதி கல்லூரி இருக்கிறது. எலும்பையும் தசையையும் கையாலேயே நீவிச் சீராக்கக் கற்றுத்தருகிறார்கள். ஆண்டுக்கொருமுறை ஆற்றைக் கடந்து டாலாவில் இலவச முகாம் நடத்துவார்கள். பழைய மாணவர் கூட்ட நாளுக்குள் கல்லூரிச் செய்திமடல் போய்ச்சேர வேண்டும் என்பதால், முகாம் செய்தியை முகாமுக்கு முன்பே அச்சடிப்பது வழக்கம். பதிவுசெய்த நோயாளிகளின் பெயரெல்லாம் குணமானோர் பட்டியலில் வந்துவிடும். அந்த ஆண்டு புயலில் படகு ஓடவில்லை, முகாம் நடக்கவில்லை. பட்டியல் மட்டும் அச்சானது. மை காய்ந்ததும் பெயர் வந்த நாற்பத்தொரு பேரும் நிமிர்ந்தார்கள்.

கல்லூரி முதல்வர் தேவநேசன் இதை நிர்வாகத் திறமை என்றார். அதன்பின் முகாமுக்கென்று யாரும் படகேறவில்லை. கல்லூரி வாசலில் முகாம் பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துக் கலைந்தார்கள்.

மடலைத் தட்டச்சு செய்பவள் இராஜகுமாரி. அவள் தம்பி சகாயராஜ் டாலாவில் சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவன். இரண்டு பயணிகளும் ஓர் அரிசி மூட்டையுமாக மேடேறிய நாளில் அவன் இடுப்பு மடங்கி, மடங்கியபடியே நின்றுவிட்டது. எட்டு மாதமாக மண்ணையும் மனிதர்களின் பாதங்களையும் மட்டுமே பார்த்தான்.

"அக்கா, செருப்பு வாரு பிஞ்சிருக்கு. தைக்காமயா ஆத்தைத் தாண்டி வந்தே?"

"என் முகத்தப் பாத்துக் கேளுடா."

"முகமா? பெருவிரலப் பாத்தாலே தெரியுதே, கோவமா இருக்கேன்னு."

அவன் மடங்கிய ஆண்டின் பட்டியலில் அவன் பெயரை முதலாவதாக எழுதினாள். அவனுக்குக் கீழே அறுபத்தொரு பேர். அச்சுக்குப் போகும் நாளில் தேவநேசன் வந்து மேசையருகே நின்றார்.

"மா இராஜகுமாரி, மெல்பர்ன்லேர்ந்து நம்ம 2009 வகுப்பு நெல்சன் புது வீட்டுப் படம் பதினொண்ணு அனுப்பியிருக்கார். முகாம் பக்கத்தை எடுத்துடுங்க."

"சயா, அதுல அறுபத்திரண்டு பேர் இருக்காங்க."

"அவங்க யாரும் மடல் படிக்கிறதில்லையே. பழைய மாணவர் பக்கத்துல மட்டும் ஒரு பேரும் விடக்கூடாது. போன தடவை ஷப்னம் பேர் விட்டுப்போய் சிட்னிலேர்ந்து சண்டைக்கு வந்தாங்க."

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் வயது அவளுக்கு இல்லை. முகாம் பக்கத்தை எடுத்துவிட்டாள். நெல்சனின் வீட்டுப் படங்களில் குளியலறையை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய மாணவர் பக்கத்தில் 2009ஆம் ஆண்டு வகுப்பின் கீழ் அறுபத்திரண்டு பெயர்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்தாள். முதல் வரி: சகாயராஜ், டாலா, நிமிர்ந்து நலமாக இருக்கிறார்.

மடல் அச்சான மறுநாள் டாலா படகுத்துறையில் அவளைவிட ஒரு தலை உயரமாகச் சகாயராஜ் நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தையே பார்த்தான்.

"என்ன அக்கா, இப்படி நரைச்சுட்டே?"

அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பழைய மாணவர் கூட்டத்துக்கு அறுபத்திரண்டு பேரும் லோஞ்ஜி வேட்டி கட்டிப் படகேறி வந்தார்கள். அவர்களை வாசலில் கண்ட தேவநேசன் பதறி, மாணவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் அறுபத்திரண்டு பெயர்களும் இருந்தன, மங்கிய மையில், வருகைப் பதிவோடு. அதன்படி சகாயராஜ் மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தான். மெல்பர்னிலிருந்து வந்திறங்கிய நெல்சன், விமானத்தில் பிடித்துக்கொண்ட கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, "சகாயம்! உடற்கூறியல் பரிட்சைல நான்தானே உனக்குக் காட்டினேன்!" என்றார். சகாயராஜ் அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தான். ஒரு சின்னச் சத்தம். கழுத்து திரும்பியது.

"டாலாவுல நம்ம ஆளுங்க இத்தனை பேர்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று தேவநேசன் இராஜகுமாரியைக் கடிந்துகொண்டு, மாலைகள் வாங்க ஆள் அனுப்பினார். மாலைகள் வருவதற்குள், சவாரி காத்திருக்கும் என்று ஐந்து மணிப் படகுக்கு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

சகாயராஜ் இன்றும் சைக்காதான் மிதிக்கிறான். மேடு வந்தால் இறங்கி, பயணியின் தோளை நீவிவிட்டு, மறுபடி ஏறி மிதிக்கிறான்.